யாருடைய கைவரிசை?

2021 பெப்ரவரி 5ஆம் திகதி மலையகத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அழைப்பு விடுத்திருந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை, கூகுளின் இலங்கை முகவரியைத் தட்டியவர்களுக்குத் தேடல் பெட்டி வரவில்லை. ஒரு கண்டன அறிக்கை வந்தது. ‘எல்கே’ என்று முடியும் வேறு சில முகவரிகளுக்கும் அதே கதி. தேயிலைத் தொழிலின் பிரச்சினைகள், ஊடக சுதந்திரம், அரசியல் ஊழல், சிறுபான்மையினரின் நிலை என்று அந்தப் பக்கம் அடுக்கிக்கொண்டு போனது. சுதந்திர தினம் கழிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்து வந்த திங்கட்கிழமை சம்பள நிர்ணய சபை கூடி, ஆயிரம் ரூபாய்க்குத் தலையசைத்தது.

வெலிமடை, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த அறிக்கையில் இருந்த விடயம் ஒன்றும் புதிதல்ல. அது வந்து சேர்ந்த வழிதான் புதிது. கூகுளின் கணினிகளை யாரும் தொடவில்லை. எல்கே முகவரிகளைப் பதிந்து வைத்திருக்கும் பதிவகத்தில், இந்தப் பெயரைக் கேட்டால் இந்தக் கணினிக்கு அனுப்பு என்ற குறிப்பு மாற்றப்பட்டிருந்தது. தபால்காரரை விட்டுவிட்டுத் தபால் கந்தோரின் விலாசப் புத்தகத்தில் கைவைத்த மாதிரி. அன்று காலையிலேயே குறிப்பு திருத்தப்பட்டது. செய்தது யார் என்ற கேள்வி மட்டும் நின்றது. தோட்டத் தொழிலாளிக்காகப் பேசியவர் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா? இலங்கை அரசின் முகத்தில் கரி பூச விரும்பும் எவருக்கும், அந்த வாரத்தில் ஆயிரம் ரூபாய்க் கோரிக்கையைவிட வசதியான முகமூடி கிடைத்திருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் யார் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது என்ற பேச்சு பாதிதான் உண்மை. பணமும் பொறுமையும் உளவு வசதியும் உள்ளவர்கள் பல தடவை கண்டுபிடித்திருக்கிறார்கள். எவ்வளவு ஆதாரம் இருந்தால் போதும் என்பதை ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்வதில்தான் சிக்கல். வெளிநாட்டமைச்சு ஒரு கண்டன அறிக்கை விடப் போதுமான ஆதாரம், ஓர் இளைஞனைச் சிறையில் வைக்கப் போதாது. இந்த வித்தியாசம் மறக்கப்படும் இடங்களில் பழி, கைக்கு எட்டிய ஆளின் தலையில் விழுகிறது.

ஊகம் எவ்வளவு தூரம் தவறும் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. 2016 ஓகஸ்டில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் அடுத்தடுத்து இரு தடவை யாரோ புகுந்தார்கள். நாட்டுத் தலைவரின் தளத்தில் ஒருவர் கைவைத்தால் நம் ஊர்ப் பேச்சு முதலில் வெளிநாட்டு உளவுத்துறைக்குப் போகும், அடுத்து புலம்பெயர்ந்தவர்களிடம் போகும். அங்கே விட்டுச் செல்லப்பட்ட செய்தியோ, க.பொ.த. உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில், புத்தாண்டு நேரத்தில் வைக்காதீர்கள் என்பது. சில நாட்களில் கடுகண்ணாவையில் 17 வயதுப் பையன் ஒருவன் கைதானான். இந்த ஒரு சம்பவத்தில் மட்டும், எழுதியிருந்ததை அப்படியே நம்பியவர்கள் ஏமாறவில்லை.

மற்றச் சம்பவங்களில் அந்த நம்பிக்கை அவ்வளவு பாதுகாப்பானதல்ல. 1998இல் வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள் என்று இரண்டு வாரம் வந்து குவிந்தன. நாங்கள் இணையக் கரும்புலிகள், உங்கள் தொடர்புகளைக் குழப்பவே இதைச் செய்கிறோம் என்பதுதான் அவற்றின் சாரம். ஒரு நாட்டின் கணினிகள் மீது ஆயுதக் குழு ஒன்று நடத்திய முதலாவது தாக்குதல் என்று அமெரிக்க உளவுத்துறையினர் இதைக் குறித்துக்கொண்டார்கள். உலகெங்கும் பாடப் புத்தகங்களில் இன்றும் அப்படித்தான் வருகிறது. அந்தப் பெருமைக்கு, அல்லது பழிக்கு, ஆதாரமாக வெளியில் தெரிந்ததெல்லாம் அனுப்பியவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர்தான். பிற்காலத்தில் மே 18ஐ ஒட்டி அரசாங்கத் தளங்கள் தாக்கப்படும்போதெல்லாம் ‘தமிழீழ சைபர் படை’ என்ற பெயர் செய்திகளில் வந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு குழு இருக்கலாம், ஒரு தனி ஆள் இருக்கலாம், வேறொரு நாட்டுச் சம்பளக்காரரும் இருக்கலாம்.

இது வீண் சந்தேகமல்ல என்பதற்குப் பிரான்ஸ் சாட்சி. 2015 ஏப்ரலில் டிவி5 மோந்த் தொலைக்காட்சியின் அலைவரிசைகள் இருண்டன. அதன் பேஸ்புக் பக்கத்தில் ‘சைபர் கலிபா’ என்ற பெயரில் இஸ்லாமிய அரசு இயக்கத்தின் முழக்கங்கள். பாரிஸில் சார்லி ஹெப்டோ படுகொலை நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. யாரும் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. விசாரணை முன்னேற முன்னேற, தடயங்கள் ரஷ்ய இராணுவ உளவுத்துறையோடு சேர்த்துப் பேசப்படும் குழுவை நோக்கித் திரும்பின. ஏற்கெனவே சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும் சமூகத்தின் பெயரை எடுத்துப் போர்த்திக்கொள்வது எவ்வளவு மலிவு என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. நம் நாட்டில் அந்தச் சமூகங்கள் எவை என்று சொல்லத் தேவையில்லை.

இனி இலங்கையைத் தொட்டுச் சென்ற பெரிய வழக்கு. பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளையில் கணக்கு உண்டு. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி இரவு, அந்தக் கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி, வங்கிகளுக்கிடையிலான ஸ்விப்ட் வலையமைப்பின் வழியாக 35 கட்டளைகள் போயின. மொத்தம் 95 கோடி 10 லட்சம் டொலர். நாள் பார்த்துச் செய்த வேலை. வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை, சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில் விடுமுறை, திங்கள் சீனப் புத்தாண்டுக்காக மணிலாவில் விடுமுறை. டாக்கா வங்கியில் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் அச்சிட்டுத் தள்ளும் இயந்திரம் அன்று வேலை செய்யவில்லை. ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அதையும் உள்ளே இருந்த தீநிரல்தான் வாயடைத்திருந்தது.

எட்டு கோடி 10 லட்சம் டொலர் மணிலாவிலுள்ள ஆர்சிபிசி வங்கிக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. இரண்டு கோடி டொலர் கொழும்புக்கு வந்தது, பேன் ஏசியா வங்கியில் ஷாலிகா பவுண்டேஷன் என்ற அமைப்பின் கணக்குக்கு. அனுப்பியவர்கள் ‘பவுண்டேஷன்’ என்பதை ‘ஃபண்டேஷன்’ என்று எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த டொய்ச் வங்கி விளக்கம் கேட்டது. இலங்கை அளவுக்கு இது பெருந்தொகை என்று கொழும்பு வங்கியிலும் ஒருவருக்கு உறுத்தியது. பணம் திரும்பிப் போனது. அந்த அமைப்பின் தலைவியோ, ஜப்பானிய உதவிப் பணம் வருகிறது என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் தானும் ஏமாற்றப்பட்டதாகவும் ஊடகங்களுக்குச் சொன்னார். அப்படி எந்த உதவியும் இல்லை என்றது ஜப்பானின் உதவி நிறுவனம். கொழும்பு நீதிமன்றம் அமைப்பின் பணிப்பாளர்களுக்கு வெளிநாடு செல்லத் தடை விதித்தது.

எழுத்துப்பிழைக் கதையை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இதைச் செய்தவர்கள் யார் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எப்படி முடிவுக்கு வந்தது என்பது. 2018 செப்டெம்பரில் வெளியான 170 பக்கத்துக்கும் மேற்பட்ட குற்றப்பத்திரிகை, பாக் ஜின் ஹியோக் என்ற வடகொரியக் கணினியாளரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. அதில் தீநிரல் ஆராய்ச்சி இருக்கிறது. சோனி பிக்சர்ஸின் கணினிகளை 2014இல் அழித்த நிரலுக்கும், வங்கிகளில் நுழைந்த நிரலுக்கும், 2017இல் உலகைக் கலக்கிய வானாக்ரை நிரலுக்கும் பொதுவான துண்டுகள் உண்டு என்று காட்டினார்கள். ஆனால் நிரலை யாரும் பிரதி எடுக்கலாம். வழக்குக்கு உயிர் கொடுத்தது மின்னஞ்சல் கணக்குகள். வேலை தேடும் ஒருவரின் விண்ணப்பம் என்ற பாவனையில் டாக்கா வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பிய கணக்குகளுக்கும் சோனி ஊழியர்களைக் குறிவைத்த கணக்குகளுக்கும் தொடர்பிருந்தது. அந்தத் தொடர்பு, சீனாவின் டாலியன் நகரில் சோசன் எக்ஸ்போ என்ற வடகொரிய முகப்புக் கம்பனிக்காக பாக் தன் சொந்தப் பெயரில் வைத்திருந்த கணக்குகள்வரை நீண்டது. பகலில் வாடிக்கையாளருக்கு நிரல் எழுதிக் கொடுத்த அதே ஆள்தான் இந்தக் களவிலும் இருந்தார் என்பது எஃப்பிஐயின் வாதம்.

அதாவது, ஆள் பிடிபட்டது சோம்பலால். ஒவ்வொரு வேலைக்கும் புதுக் கணக்கு, புதுக் கணினி, புதுப் பெயர் என்று யாராலும் ஆண்டுக்கணக்கில் இருக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் பழைய கடவுச்சொல், பழைய தொலைபேசி எண், பழைய நண்பர் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். கூகுள் போன்ற அமெரிக்கக் கம்பனிகளின் பதிவேடுகளை நீதிமன்ற உத்தரவு காட்டிப் புரட்ட எஃப்பிஐயால் முடியும். கொழும்புக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதே பதிவேட்டைக் கேட்டால், இரு நாட்டு உதவி ஒப்பந்தங்களின் வழியாகக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2015இல் இலங்கை புடாபெஸ்ட் சைபர் குற்ற உடன்படிக்கையில் சேர்ந்தது, தெற்காசியாவில் முதல் நாடாக. கதவு கொஞ்சம் அகலத் திறந்தது, வரிசை குறையவில்லை.

வடகொரியாவின் பதில் சுருக்கமானது: அப்படி ஓர் ஆளே இல்லை. பாக் எந்த நீதிமன்றத்திலும் நின்றதில்லை. எஃப்பிஐயின் ஆதாரங்களை ஓர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்ததும் இல்லை. உலகின் மிக விரிவான கணினிக் குற்றப்பத்திரிகைகளில் ஒன்று, நீதிமன்ற அர்த்தத்தில் இன்றும் ஒரு குற்றச்சாட்டுத்தான். சிறைத்தண்டனை பெற்றவர் யார் என்று தேடினால், மணிலாவின் ஆர்சிபிசி கிளை முகாமையாளராக இருந்த பெண் ஒருவர். 2019 ஜனவரியில் பணச் சலவைக் குற்றத்துக்காக.

பொதுவாக ஆய்வாளர்கள் கையில் எடுக்கும் தடயங்கள் சில உண்டு. நிரல் எழுதப்பட்ட நேரங்கள் எந்த நாட்டின் வேலை நேரத்தோடு பொருந்துகின்றன, விசைப்பலகை எந்த மொழிக்கு அமைக்கப்பட்டிருந்தது, திருடப்பட்டது யாருக்குப் பயன்படும், கட்டளை அனுப்பும் கணினி எங்கே வாடகைக்கு எடுக்கப்பட்டது. 2013இல் மண்டியன்ட் கம்பனி இவற்றையெல்லாம் கோர்த்து, ஷாங்காயிலுள்ள சீன இராணுவத்தின் 61398ஆம் பிரிவுக் கட்டடம்வரை கொண்டுபோய் நிறுத்தியது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளை ஆராய்ந்த டொரொண்டோ பல்கலைக்கழகத்து சிட்டிசன் லேப், 103 நாடுகளில் 1,295 கணினிகள் ஊடுருவப்பட்டிருந்ததைக் கண்டது. கட்டுப்பாட்டுக் கணினிகள் பெரும்பாலும் சீனாவில். அப்படியிருந்தும் சீன அரசுதான் செய்தது என்று எழுத அவர்கள் மறுத்தார்கள். சீன மண்ணிலிருந்து வந்தது வேறு, சீன அரசு அனுப்பியது வேறு என்ற அந்த நிதானத்தை, இத்துறையின் மிக நேர்மையான பக்கங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

தடயங்களை வேண்டுமென்றே நட்டுவைக்கவும் முடியும். 2018 பெப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா நடக்கும்போது கணினிகள் விழுந்தன. நிரலின் தலைப்பகுதியில் வடகொரியக் குழுவின் முத்திரை அச்சு அசலாக இருந்தது. காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, தலைப்பு சொன்னதும் உள்ளே இருந்ததும் ஒத்துவரவில்லை, முத்திரை ஒட்டப்பட்டிருந்தது. 2020 ஒக்டோபரில் ரஷ்ய இராணுவ உளவுத்துறையின் 74455ஆம் பிரிவைச் சேர்ந்த ஆறு அதிகாரிகள் மீது இந்தத் தாக்குதலுக்கும் சேர்த்து அமெரிக்கா குற்றம் சாட்டியது. போலி முத்திரையைப் பிடிக்க முடிந்தது, ஒட்டியவர்கள் கொஞ்சம் அதிகமாகவே கெட்டிக்காரத்தனம் காட்டியதால்தான். அளவோடு செய்யப்பட்ட போலிகள் எத்தனை இன்னமும் வடகொரியாவின் கணக்கில் இருக்கின்றனவோ!

அரசுகள் உறுதியாகப் பெயர் சொல்லும்போது, பெரும்பாலும் தடயத்துக்கு மேல் இன்னொன்று இருக்கும்: அவர்களே எதிராளியின் வலையமைப்புக்குள் உட்கார்ந்திருப்பார்கள். நெதர்லாந்து உளவுத்துறை 2014இல் மொஸ்கோவிலுள்ள ஹேக்கர்களின் அறைக்கு வெளியே இருந்த கமராவையே கைப்பற்றி, உள்ளே போகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததாக 2018இல் டச்சு ஊடகங்கள் சொல்லின. சோனி விடயத்தில் அமெரிக்கா அவ்வளவு சீக்கிரம் வடகொரியா என்று சொன்னதற்கும் இதுவே காரணமென்று நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. ஆனால் இந்த ஆதாரத்தை வெளியே காட்டினால் அடுத்த நாளே அந்தக் கமரா அணைந்துவிடும். ஆகவே நம்மிடம் சொல்லப்படுவது: எங்களுக்குத் தெரியும், நம்புங்கள். ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களுக்கும் இதே வாக்கியம்தான் சொல்லப்பட்டது.

பிறகு சட்டம். நிகரகுவாவின் கொன்ட்ராப் படைக்கு அமெரிக்கா பணமும் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது என்பதை ஏற்றுக்கொண்ட சர்வதேச நீதிமன்றம், 1986இல், அந்தப் படை செய்த குற்றங்கள் தாமாகவே அமெரிக்காவின் குற்றங்கள் ஆகிவிடாது என்றது. ஒவ்வொரு செயலின் மீதும் செயலளவில் கட்டுப்பாடு இருந்ததை நிரூபிக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கணினிக்குக் கொண்டு வந்தால் எந்த அரசும் தப்பிக்கும். 2024 பெப்ரவரியில் சீனாவின் ஐ-சூன் என்ற தனியார் கம்பனியின் உள் ஆவணங்கள் கசிந்தபோது அமைப்பு முறை தெளிவாகத் தெரிந்தது. பொலிஸும் உளவுத்துறையும் ஒப்பந்தம் கொடுக்க, கம்பனி வெளிநாட்டுத் தரவுகளைத் திருடி விற்கிறது. இந்தியக் குடிவரவுத் தரவு 95 ஜிகாபைட்டும் அந்தச் சரக்கில். ஊழியர்களின் அரட்டையில் நிறைந்திருந்தது சம்பளம் போதவில்லை என்ற புலம்பல். ஆயிரம் ரூபாய்க்காகத் தெருவில் நின்றவர்களுக்கு அந்தக் குரல் அந்நியமாக இருக்காது.

வல்லரசுகள் பெயர் சொல்லும். கடனில் இருக்கும் நாடு சொல்லுமா? 2025 மே மாதம் அக்ரோனிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சைட்விண்டர் என்ற குழு இலங்கையின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம், திறைசேரிச் செயற்பாடுகள் திணைக்களம், பாதுகாப்பு அமைச்சு, மத்திய வங்கி ஆகியவற்றைக் குறிவைத்துப் பொறி மின்னஞ்சல்கள் அனுப்பியதாக எழுதினார்கள். பயன்படுத்தியது, 2017இலேயே திருத்தம் வெளிவந்துவிட்ட மைக்ரோசொப்ட் ஒஃபிஸ் ஓட்டைகளை. இணைப்பை இலங்கைக்குள்ளிருந்து திறந்தால் மட்டுமே நஞ்சு இறங்கும். வெளியிலிருந்து ஆய்வாளர் திறந்தால் வெறும் கோப்பு. சைட்விண்டரை இந்தியச் சார்புக் குழு என்று பல நிறுவனங்கள் நெடுநாளாக எழுதிவருகின்றன. பாகிஸ்தானும் சீனாவும் அதன் நிரந்தர இலக்குகள் என்பதே அந்த முடிவின் முக்கிய தூண். இந்திய அரசோடு அதை முடிச்சுப்போடும் ஆதாரம், வடகொரிய வழக்கின் மின்னஞ்சல் சங்கிலி மாதிரி, பொதுவெளியில் வைக்கப்படவில்லை.

2022இல் டொலர் வற்றி, எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியோடு வந்தது இந்தியா. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீனக் கம்பனியிடம். அதே ஆண்டு ஓகஸ்டில் சீன ஆய்வுக் கப்பல் அங்கே வந்து நின்றபோது இரு பக்கத்துக்கும் நடுவில் கொழும்பு எப்படி நெளிந்தது என்று பார்த்தோம். இப்படியான நாட்டுக்கு, திறைசேரிக் கணினியில் அயலவரின் கைவரிசை தெரிந்தாலும் தெரியாததுபோல் இருப்பதுதான் இராஜதந்திரம். கெட்டித்தனமான மௌனம் என்று அதைச் சொல்லலாம். அந்த மௌனத்தால் உள்ளூரில் நேரும் நட்டத்தைத்தான் யாரும் கணக்கெடுப்பதில்லை.

சில சமயம் மௌனத்துக்கு எளிய காரணம், தடயமே இல்லாதது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்க மேகக் கணினியில் கப்பம் கேட்கும் தீநிரல் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரசாங்க மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் அன்றுவரையிலான கடிதங்கள் போயின. மின்னஞ்சலை ஓட்டிய மென்பொருள் காலாவதியான 2013 பதிப்பு. தொலைந்த காலத்துக்குத் தனியான காப்புப் பிரதி இல்லை. கப்பக் கும்பலா, கப்பக் கும்பல் வேடத்தில் வந்த உளவா என்று கேட்கலாம்தான். சொந்தக் கடிதத்தையே காப்பாற்றாத அலுவலகத்தில் திருடனின் காலடியைத் தேடுவது வேறு கதை.

மறுத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொள்வது இன்னொரு வழக்கம். 2019 ஒக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர் பொதிந்த டிட்ராக் என்ற தீநிரல் மாதிரி வெளியில் கிடைத்தது. இங்கே சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது நிலையத்தின் அறிக்கை. மறுநாள் இந்திய அணுமின் கழகம், நிருவாகப் பயன்பாட்டுக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை, உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை, செப்டெம்பர் 4ஆம் திகதியே தகவல் வந்துவிட்டது என்றது. டிட்ராக் நிரலை வடகொரிய லாசரஸ் குழுவோடு சேர்த்தே ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். உலையருகே வாழும் இடிந்தகரை மக்களுக்கு எந்த நாடு என்பதைவிட, சாத்தியமே இல்லை என்று சொன்னவர்கள் ஒரே நாளில் எப்படி மாறினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதுவரை சொன்னது நாடு விட்டு நாடு போகும் ஊடுருவல். ஓர் அரசு தன் குடிமக்கள் மீதே செய்தால்? பெகாசஸ் மென்பொருளை அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது அதைச் செய்யும் இஸ்ரேலின் என்எஸ்ஓ. 2021 ஜூலையில் கசிந்த பட்டியலில் மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி உள்ளிட்ட தமிழ்நாட்டு ஆட்களின் எண்களும் இருந்ததாக ‘த வயர்’ எழுதியது. பட்டியலில் எண் இருப்பது வேறு, தொலைபேசி ஊடுருவப்பட்டிருப்பது வேறு. அதைத் தீர்க்க இந்திய உச்ச நீதிமன்றம் குழு அமைத்தது. 2022 ஓகஸ்டில் அறிக்கை: கொடுக்கப்பட்ட 29 தொலைபேசிகளில் ஐந்தில் ஏதோ தீநிரல் உண்டு, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை. வாங்கினீர்களா என்ற ஒரு கேள்விக்கு ஆமா இல்லையா என்று சொன்னாலே பாதி வழக்கு முடிந்திருக்கும். நிரூபணம் கடினம் என்ற வாதத்தை, நிரூபணத்தைக் கையில் வைத்திருப்பவரே முன்வைக்கும் விசித்திரம் அது.

திருச்சிப் பக்கத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே வாழ்ந்த இயேசு சபைப் பாதிரியார் ஸ்டான் சுவாமியின் வழக்கு இன்னும் இருண்டது. பீமா கோரேகான் வழக்கில் 2020 ஒக்டோபரில் 83 வயதில் கைதானார்; பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5ஆம் திகதி மும்பை மருத்துவமனையில் இறந்தார். குற்றச்சாட்டின் முதுகெலும்பு, அவர் கணினியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட மாவோயிஸ்ட் கடிதங்கள். எதிர்த்தரப்பின் வேண்டுகோளில் கணினிப் பிரதியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங், 2022 டிசெம்பரில் எழுதியது: 2014 முதல் அந்தக் கணினி வேறொருவரின் பிடியில் இருந்தது; நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளே வைக்கப்பட்டன; அவர் அவற்றைத் திறந்ததற்கு அடையாளமில்லை. 2019 ஜூன் 12ஆம் திகதி புனே பொலிஸார் கணினியைக் கைப்பற்றினார்கள். அதற்கு முந்திய இரவு, ஜூன் 11, ஊடுருவியவர் தன் தடங்களை அவசரமாகத் துடைத்திருந்தார்.

மறுநாள் பொலிஸ் வரப்போவது ஊடுருவியவருக்கு எப்படித் தெரியும்? ஆர்சனல் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை, பெயர் எதையும் சொல்லவில்லை. சென்டினல்ஒன் நிறுவனம், இந்த ஊடுருவல்கள் இந்திய அரசின் நலனோடு ஒத்துப்போகின்றன என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2022 ஜூனில் ‘வயர்ட்’ இதழ் இன்னொரு தடயத்தை வெளியிட்டது. அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட சிலரின் மின்னஞ்சல் கணக்குகளில், மீட்புக்கான மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன. அவை புனே பொலிஸ் அதிகாரி ஒருவரோடு தொடர்புடையவை. டாலியனில் பாக்கைக் காட்டிக்கொடுத்த அதே சோம்பல். வித்தியாசம், அங்கே கண்டுபிடித்ததைக் குற்றப்பத்திரிகையாக்க ஓர் அரசு இருந்தது. இங்கே தேசியப் புலனாய்வு முகமை, தனியார் அறிக்கையை ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டது.

ஊவாவில் இருந்துகொண்டு இதை எழுதும்போது, நிரூபணம் என்பது கணினி நுட்பம் மட்டுமல்ல என்ற நினைப்பு விலகுவதில்லை. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, வெலிமடைக்குப் பக்கத்தில், பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் பட்டப்பகலில், பொலிஸார் நின்றிருக்க, கொல்லப்பட்டார்கள். 41 பேர் மீது வழக்கு. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை. மேன்முறையீடுகள் முடிந்த 2005இல் குற்றவாளி என்று ஒருவரும் மிஞ்சவில்லை. அங்கே போலி முத்திரையோ வாடகைக் கணினியோ கிடையாது. முகம் தெரிந்த ஊரவர்கள், அரசின் காவலில் இருந்த பிள்ளைகள்.

எதிர்த்திசையிலும் அதே நாடுதான். 2020இல் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், தமிழில் எழுதிய கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார்; புத்தளம் மேல் நீதிமன்றம் 2023 டிசெம்பரில் விடுவித்தது. அச்சில் வந்த புத்தகத்தையே இப்படி வாசித்த புலனாய்வு, ஐபி இலக்கத்தை எப்படி வாசிக்கும்? போர்க்காலத்தில் தோட்டத்திலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிள்ளைகள், அடையாள அட்டையில் இருந்த பெயருக்காகவே பிடிபட்டதை மலையகம் மறக்கவில்லை. அடுத்த தடவை எல்கே பதிவேடு மாறி, அதில் தேயிலை பற்றி நாலு வரி இருந்தால், முதலில் யாரின் கைத்தொலைபேசி பறிக்கப்படும் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல.

நம் சட்டப் புத்தகத்தில் இதற்கு இரண்டு வழி எழுதப்பட்டிருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கச் சொல்கிறது. கணினியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வேறு மாதிரி: கணினிச் சாட்சியம் வைக்கப் போகிறவர் விசாரணைக்கு 45 நாள் முன்னதாக எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும், எதிர்த்தரப்பு கேட்டால் அந்தச் சாட்சியத்தையும் இயந்திரத்தையும் பார்வையிட இடம் கொடுக்க வேண்டும். ஸ்டான் சுவாமியின் கணினிக்குள் யாரோ இருந்தார்கள் என்பது வெளிவந்ததும், வட்டின் பிரதி எதிர்த்தரப்பின் கைக்கு வந்ததால்தான். அந்த அறிக்கை வரும்போது அவர் இறந்து பதினேழு மாதம் ஆகியிருந்தது. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தில் பதியப்படும் வழக்கு இரண்டாவது வழியில் போகும். தேசிய பாதுகாப்பு என்ற சொல்லை ஒட்டிவிட்டால் அதே வழக்கு முதலாவது வழிக்குத் திரும்பலாம். எந்த வழி என்பதை முடிவு செய்வது, தாக்குதல் நடந்த முதல் சில நாட்களில், ஹேக்கரின் பெயர் யாருக்கும் தெரிவதற்கு முன்பே.